கரிபியன் கரையில் நாங்கள் இருவர்

"கடற்கரை பார்க்கக் கடல் கடந்து போவானேன்? திருவல்லிக்கேணியில் இல்லாத கடலா?" என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. விவாகம் நடந்து இருபத்தைந்து வருஷம் பூர்த்தியான தம்பதிகள் சாதாரணமாகச் செய்யும் காரியம் ராமேசுவரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போய் ஸமுத்திர ஸ்நானம் செய்துவிட்டுத் திரும்புவதுதான். நாங்களோ பூமியின் மறுபக்கத்தில், கரிபியன் கடலின் கிழக்கு ஓரத்திலுள்ள குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுக்குப் பிரயாணச் சீட்டு வாங்கிவிட்டோம்.

தொடங்குமுன் நேயர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் தம்பதிகள் இருவரையும் குறிக்கும். அபிப்பிராய பேதம் நேர்ந்த இடங்களில் மட்டும், அர்த்தநாரீசுவரரை மனத்தில் கொண்டு, 'ஆண் பாதி', 'பெண் பாதி' என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம். பெண் பாதி புதுச்சேரியில் பிறந்து, அங்கேயே பிரெஞ்சு பாஷை படித்தவள். ஆண் பாதிக்குத் தெரிந்த பிரெஞ்சு 'மெர்ஸி' என்ற ஒரே வார்த்தை. பிரயாணத்தின் முடிவில் அந்த ஒரு வார்த்தையின் அருமை அவருக்கு நன்றாக விளங்கியது.

பட்டாம்பூச்சித் தீவு

சென்னையிலிருந்து பாரிஸ் நகரம். அங்கிருந்து அட்லாண்டிக் ஸமுத்திரத்தைத் தாண்ட ஆகாய விமானத்தில் சுமார் எட்டரை மணி நேரம். விமானம் தாழ்ந்து வரும்போது கீழே பார்த்தால், நீல வெல்வெட்டின் மேல் பச்சைப் பட்டாம்பூச்சி ஒன்று இறகை விரித்து உட்கார்ந்திருப்பது போல் குவாதலூப் தெரிகிறது. கிழக்கு இறகின் பெயர் கிராந்த் தேர். சுண்ணாம்புக்கல் பூமி, சமவெளி, கரும்புத் தோட்டம். மேற்கு இறகின் பெயர் பாஸ் தேர். முழுதும் மலை, காடு, அருவி. இரண்டுக்கும் நடுவே ஓர் உப்பங்கழி. மேற்கு இறகின் தென்பகுதியில் ஸூப்ரியேர் என்னும் எரிமலை 1467 மீட்டர் உயரத்துக்கு மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது. 1976-ல் அது சீறியபோது எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை ஊரைக் காலி செய்யச் சொல்லி அப்புறப்படுத்தினார்களாம்.

நம்முடைய மசூலிப்பட்டணம் எந்த அட்சரேகையில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே ரேகையில்தான் இத்தீவும் இருக்கிறது. ஆகையால் தென்னை, வாழை, மா, புளி, முருங்கை எல்லாம் உண்டு. விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் பெண் பாதி மூச்சை இழுத்து, "என்ன, கேட்டீர்களா? இது வெளிதேசம் மாதிரியே இல்லையே! ஆடி மாசத்தில் மழை பெய்து ஓய்ந்த புதுச்சேரி மாதிரி அல்லவா இருக்கிறது?" என்றாள்.

பூர்வ குடிகளான கரீபியர் இத்தீவைக் கருக்கெரா என்று அழைத்தார்கள். அழகிய நீர் நிறைந்த தீவு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1493-ம் வருஷம் நவம்பர் மாதம் கொலம்பஸ் தம் இரண்டாவது யாத்திரையில் இங்கே இறங்கி, ஸ்பெயின் தேசத்துக் குவாதலூப் மாதா கோவிலின் பெயரை இதற்குச் சூட்டினார். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, வழியில் அகப்பட்ட தீவுகளையே இந்தியா என்று நம்பிய மனிதர் அவர். அவர் செய்த பிழையால்தான் இந்தத் தீவுகளுக்கு இன்றுவரை 'மேற்கு இந்தியத் தீவுகள்' என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அப்பெயரை ஓரளவு மெய்யாக்கியவர்கள் பிற்காலத்தில் வந்தார்கள். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறோம்.

தில்லையின் சகோதரி

முதல் மூன்று நாள் பாஸ் தேரின் வடமேற்கிலுள்ள தேஷேஸ் என்ற சிற்றூரில் தங்கினோம். அருகே கிராந்த் ஆன்ஸ் என்னும் பொன்னிற மணற்கரை வளைந்து கிடக்கிறது. கரையின் அழகை வருணிக்கப் புகுந்தால் பத்திரிகையில் இடம் போதாது. எங்கள் முதல் சாகசத்தை மட்டும் சொல்லி விடுகிறோம்.

இரண்டாம் நாள் பிற்பகல், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று மழை வந்துவிட்டது. கரையோரத்தில் ஒரு மரம் நல்ல நிழலோடு நின்றது. இலைகள் பளபளவென்று இருந்தன. கீழே சிறு ஆப்பிள் போன்ற பச்சைப் பழங்கள் சிதறிக் கிடந்தன. ஆண் பாதி அந்த மரத்தை நோக்கி ஓடினார். அவ்வளவுதான்! இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி கையிலிருந்த கத்தியைத் தூக்கிக்கொண்டு, கூவியபடி எங்களை நோக்கி ஓடி வந்தாள். அன்னிய தேசத்தில் ஆயுதபாணியாக ஒரு ஸ்திரீ துரத்தி வந்தால் மனிதன் என்ன செய்வான்? ஆண் பாதி மழையில் வெளியே ஓடினார். கிழவி உடனே நின்று, கத்தியால் மரத்தின் அடிப்பகுதியைச் சுட்டிக் காட்டினாள். அங்கே சிவப்புப் பட்டை ஒன்று பெயிண்டால் தீட்டியிருந்தது.

அந்த மரத்துக்கு மான்ஸினியே என்று பெயர். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கு அபாயம். மழையில் இலைகளின் மேல் வழிந்து சொட்டும் ஜலமே புண்ணாக்கிவிடும். பழமோ இனிப்பாயிருந்து வாயையும் தொண்டையையும் வேக வைத்துவிடும். ஸ்பானியர் அதற்கு 'மரண ஆப்பிள்' என்று பெயர் வைத்தார்கள். தெரியாதவர்கள் கிட்டப் போகாதிருக்கவே சிவப்புப் பட்டை.

தாவர சாஸ்திரப்படி இம்மரம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் நமக்குப் பழக்கமான இன்னொரு மரம் உண்டு. பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் வளர்கிற தில்லை மரத்தின் பாலும் கண்ணைக் கெடுக்கக் கூடியது. தோலில் கொப்புளம் உண்டாக்குவது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் அதுவே. ஆக, கரிபியன் கரையில் எங்களை முதன்முதல் வரவேற்றது தில்லையின் தூரத்துச் சகோதரி. கிழவிக்கு ஆண் பாதி தம் பிரெஞ்சுப் புலமை முழுவதையும் செலவழித்து, "மெர்ஸி!" என்றார்.

காற்று மாறிய வேளை

பிறகு தெற்கே புயாந்த் என்னும் ஊருக்குப் போனோம். 'கொதிப்பது' என்று அப்பெயருக்கு அர்த்தம். எரிமலைச் சூட்டினால் அங்கே நிலத்தடியில் வெந்நீர் கொதிக்கிறது. அந்த ஆவியைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அவ்வூரைச் சேர்ந்த மாலாந்தூர் கடற்கரையின் மணல் கறுப்பு நிறம். நேர் எதிரே சுமார் ஒரு கிலோமீட்டரில் பிழான் தீவுகள் என்ற இரண்டு குன்றுகள் கடலில் நிற்கின்றன. பிரெஞ்சுக் கடலாராய்ச்சியாளர் கூஸ்தோ இந்த இடத்து நீரடி உலகத்தைப் புகழ்ந்ததால், இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. கடலுக்கடியில் அவருடைய மார்பளவுச் சிலையைக்கூட வைத்திருக்கிறார்கள். இங்கே மீன் பிடிக்கக் கூடாது. ஆகையால் மீன்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை.

கயாக் என்ற சிறு படகு வாடகைக்குக் கிடைத்தது. இருவர் முன்பின்னாக உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் வலிக்க வேண்டும். வாடகைக்குக் கொடுத்த இளைஞர் எங்களுக்கு மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, "மத்தியானத்துக்கு முன் திரும்பி விடுங்கள். பிறகு மலையிலிருந்து காற்று இறங்கும்" என்று எச்சரித்தார். பெண் பாதி அதைத் தமிழில் சொன்னாள். ஆண் பாதி தலையை ஆட்டினார்.

காலை எட்டு மணிக்குக் கடல் கண்ணாடி போல் இருந்தது. அரை மணியில் தீவை அடைந்து, முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக் குழலும் பொருத்திக்கொண்டு நீரில் குப்புற மிதந்தோம். அடடா! மயிற்பச்சை, மஞ்சள், ஊதா என்று கல்யாண வீட்டுப் பட்டுப் புடவைகள் போல மீன் கூட்டம். விசிறி போல் விரிந்தாடும் பவழக் கொடிகள். கரைக்கு அருகே கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆமை, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தக்கவர்கள் அல்லவென்று தீர்மானித்தது போல் மீண்டும் மேய்ந்தது.

பதினொன்றரைக்குப் பெண் பாதி, "புறப்படலாமா?" என்றாள். ஆண் பாதி, "இன்னும் ஒரே சுற்று" என்றார். அந்த ஒரு சுற்றில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

திரும்பும்போது பாதி வழியில் காற்று வந்தது. இத்தீவுகளில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசும். மேற்குக் கரையை மலை மறைத்து நிற்பதால் காலையில் கடல் அமைதியாயிருக்கும். வெயில் ஏறக் காற்று பலத்து மலைமுடியைத் தாண்டிப் பள்ளத்தாக்குகள் வழியே அருவி போல் கடலின் மேல் விழுகிறது. எங்கள் படகின் மூக்கு கரையைப் பார்த்திருந்தது. படகோ பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு வலித்தால் நின்ற இடத்தில் நின்றோம். வலிப்பதை நிறுத்தினால் வெளிக் கடலுக்குப் போனோம். வலது பக்கம் தெரிந்த தீவுகள் மெல்ல மெல்ல எங்களுக்கு முன்னே போய்விட்டன. அதாவது, நாங்கள் அவற்றுக்கும் பின்னே, மேற்கே போய்விட்டோம். அந்தத் திசையில் அடுத்த கரை மத்திய அமெரிக்கா!

நடு வயதில் கைகளுக்கு எவ்வளவு பலம் என்று அன்று கணக்காகத் தெரிந்தது. முதல் கால் மணியில் பயமில்லை. இரண்டாவது கால் மணியில் உள்ளங்கை கொப்பளித்தது. மூன்றாவதில் ஆண் பாதி வலிப்பதை நிறுத்தி, "நான்தான் தப்பு செய்துவிட்டேன். உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவர் இந்த வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் தடவை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பாதி திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பைப் பற்றிக் கரையில் பேசிக்கொள்ளலாம். இப்போது துடுப்பைப் போடுங்கள்" என்றாள். அவள் குரலில் நடுக்கம் இருந்தது. அதைக் காட்டக்கூடாதென்றுதான் திரும்பவில்லை என்று பிறகு சொன்னாள். மிதவைச் சட்டையில் தொங்கிய ஊதலை எடுத்து மாறி மாறி ஊதினோம். காற்று அந்தச் சத்தத்தையும் மேற்கே கொண்டுபோய்விட்டது.

கரை சேர்த்தவர்

வெகு தூரத்தில் மீன் பிடித்துத் திரும்பிய மோட்டார் படகு ஒன்று எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. காற்று எங்கள் ஊதலை அந்தப் பக்கமாகத்தான் கொண்டுபோயிருந்தது போலும்! படகில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தனியாக நின்றார். கருத்த மேனி, நரைத்த மீசை, தலையில் ஓலைத் தொப்பி. ஒரு வார்த்தையும் பேசாமல் கயிற்றை வீசினார். பெண் பாதி பிடித்துக் கட்டினாள். இருபது நிமிஷத்தில் கறுப்பு மணலின் மேல் கால் வைத்தோம். கால் வைத்தோம் என்பதை விட விழுந்தோம் என்பதே உண்மை.

பெண் பாதி பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பெயரைக் கேட்டாள். அவர் குடும்பப் பெயரைச் சொன்னார். உச்சரிப்பு பிரெஞ்சு, பெயரோ முழுத் தமிழ்! எங்கள் தெருவிலேயே அந்தப் பெயருடையவர் இருவர் உண்டு. அவர் எங்களை உற்றுப் பார்த்து, "மதாம் எந்த ஊர்?" என்றார். "புதுச்சேரி" என்றாள் பெண் பாதி. கிழவர் தொப்பியைக் கழற்றினார். "பொந்திஷேரி" என்று தமக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டு, "என் பாட்டனாரின் தகப்பனார் அங்கிருந்துதான் கப்பல் ஏறினார். அந்த ஊரிலிருந்து நேரே வந்த மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்றார்.

கப்பல் ஏறியவர்கள்

முன்னால் சொல்லாமல் விட்ட கதை இதுதான். 1635-ல் குடியேறிய பிரெஞ்சுக்காரர் பிறகு இத்தீவில் கரும்பு பயிரிட ஆப்பிரிக்க ஜனங்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் அடிமைத் தளையை அறுத்தது. 1802-ல் நெப்போலியன் அதை மீண்டும் பூட்ட வந்தான். அப்போது தெல்க்ரேஸ் என்ற வீரர், 'அடிமையாய் வாழ்வதினும் சாவது மேல்' என்று தீர்மானித்து, 1802-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, எரிமலைச் சாரலிலுள்ள மாத்துபாவில், தம் தோழர்களுடன் வெடிமருந்துக்குத் தீயிட்டு உயிர் துறந்தார். கடைசியாக 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்ட வேலைக்குத் திரும்ப விரும்பவில்லை. முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். பஞ்சத்திலும் கடனிலும் வாடிய நம் ஜனங்களின் கைகள் அகப்பட்டன.

1854-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரையில் சுமார் நாற்பத்திரண்டாயிரம் இந்தியர் வந்து சேர்ந்தனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களே மிகுதி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் மூன்று மாதப் பிரயாணம். ஐந்து வருஷ ஒப்பந்தம்; பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்குறுதி. அவர்களில் தாய்நாடு திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பலர் தோட்டங்களிலேயே மாண்டார்கள். எஞ்சியவர்கள் வேரூன்றினார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம். அவர் பத்து வருஷம் வாழ்ந்த புதுச்சேரியின் துறைமுகத்திலிருந்தே இன்னொரு கரும்புத் தீவுக்கும் ஜனங்கள் போனதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

குவாதலூப்பில் பிறந்த இந்தியருடைய மக்களுக்கு வெகுகாலம் ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. 1863-ல் காபெஸ்தேர் என்ற ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் இதற்காக வழக்காடத் தொடங்கினார். 1923-ல் வெற்றி கண்டார். பத்தொன்பது வருஷப் போராட்டம்! தில்லையின் பெயரைத் தாங்கிய ஒருவர், தில்லையின் சகோதரி வளரும் தீவில், தம்மவரைப் பிரஜைகளாக்கினார். 1952-ல் அவர் காலமானார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து

கிழவரின் வீடு அந்தக் காபெஸ்தேரில்தான். பட்டாம்பூச்சியின் மேற்கு இறகில், ஆனால் அட்லாண்டிக் கடலைப் பார்த்த பக்கம். போகும் வழியில் ஷாஞ்ஜி என்னுமிடத்தில், சாலையோரமாகவே, வர்ணம் பூசிய தெய்வ உருவங்களுடன் ஒரு மாரியம்மன் கோவில் நிற்கிறது. அம்மனை அங்கே 'மாலியேமன்' என்கிறார்கள். இந்தப் பிரெஞ்சுத் தீவுகளில் மதுரை வீரனுக்கும் வழிபாடு உண்டு. கடல் கடந்தவர்களைக் காத்த நாகூர் ஆண்டவரையும் மறக்கவில்லை. பெண் பாதி கோவில் வாசலில் வெகு நேரம் நின்றாள். படகில் வராத கண்ணீர் அங்கே வந்தது.

அழகோடு அவலத்தையும் கண்டோம். 2011 முதல் இக்கரைகளில் சர்காஸம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி குவியல் குவியலாக ஒதுங்கி அழுகி, மூச்சை முட்டுகிறது. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் தெளித்த குளோர்டிகோன் என்ற பூச்சி மருந்து மண்ணில் ஊறி, ஆற்றிலும் கடலிலும் இறங்கியிருக்கிறது. பிரான்ஸ் அதை 1990-ல் தடை செய்தது. இந்தத் தீவுகளிலோ 1993 வரை உபயோகிக்க அனுமதி கொடுத்தது. சில இடங்களில் மீன் பிடிக்கவும் தடை. "அதனால்தான் நான் படகை அந்தப் பக்கத்துக் கடலுக்குக் கொண்டுபோகிறேன்" என்றார் கிழவர். எங்களைக் காப்பாற்ற அவர் அங்கே வர நேர்ந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

வாசலில் அவருடைய மனைவி, தலையில் கட்டம் போட்ட துணி கட்டி, எங்களை வரவேற்றாள். அந்தத் துணிக்குத் தீவு முழுதும் 'மத்ராஸ்' என்றே பெயர். முன்னாளில் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போன கைத்தறிதான். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளக் 'கொலொம்போ' வந்தது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடியில் கத்தரிக்காயும் பூசணியும் மிதந்தன. அப்பெயர் கொழும்பு நகரத்தால் வந்தது என்பாரும் உண்டு. குழம்பு என்ற சொல்லின் திரிபு என்பாரும் உண்டு. பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். எங்கள் நாக்கு அன்றே தீர்ப்பளித்துவிட்டது.

சாப்பாடானதும் கிழவர், "சின்ன வயதில் பாட்டி பேசிய சில வார்த்தைகள் தெரியும்" என்று கூச்சத்தோடு எண்ணினார்: "அம்மா. தண்ணி. வா. சாமி. போதும்." ஐந்தோடு நின்றது. பிறகு, "மதாம், என் பெயருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதாகச் சொல்வார்கள். வெறும் சத்தம் என்றே நினைத்திருந்தேன்" என்றார்.

"கையில் வேல் ஏந்தியவன் என்று அர்த்தம், ஐயா. அது ஒரு தெய்வத்தின் பெயர்" என்றாள் பெண் பாதி.

கிழவர் வெகு நேரம் பேசவில்லை. "கையில் வேலா! எங்கள் கையில் கரும்பு வெட்டும் கத்தியல்லவா கொடுத்தார்கள்!" என்று சிரித்தார். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து வந்து, அப்பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். கொப்புளம் ஆறாத கையால் பெண் பாதி பெரிய எழுத்தில் எழுதினாள். அவர் அதை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்து, எது மேல் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சுவரில் அம்மன் படத்துக்குக் கீழே செருகினார். ஆண் பாதி, "மெர்ஸி" என்றார். இம்முறை அவருக்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த உறவினர் மறுபடியும் கேட்டார்: "என்ன, திருவல்லிக்கேணியில் இல்லாத கடலைப் பார்த்துவிட்டீர்களோ?"

"இல்லை, அதே கடல்தான்" என்றோம். கப்பல் ஏறியவர்களின் பெயர்கள் மட்டும் அக்கரையில் இருக்கின்றன. அவற்றின் பொருளைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இக்கரையில் இருக்கிறோம்.